மீன் இல்லாத ஆறுகள்: மேற்கு வேல்ஸின் ஈயச் சுரங்கங்களும் நீர்வாழ் உயிர்களும்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், கார்டிகன் விரிகுடாவை ஒட்டி அபெரிஸ்ட்வித் என்ற சிறு நகரம் இருக்கிறது. வேல்ஸ் மொழியில் ‘அபெர்’ என்றால் முகத்துவாரம். இஸ்ட்வித் ஆறு கடலில் சேரும் இடம் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். அதே துறைமுகத்தில் ரைடால் என்ற இன்னோர் ஆறும் வந்து கலக்கிறது. ரைடால் பிம்லிமோன் மலைச்சரிவில் பிறக்கிறது. இஸ்ட்வித் அதற்குத் தெற்கே உள்ள மேட்டு நிலத்தில் பிறக்கிறது. இரண்டும் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவாக ஓடும் சிற்றாறுகள். மழை மிகுந்த மலை, தெளிந்து விரையும் நீர், கூழாங்கல் படுகை என்று டிரவுட்டும் சால்மனும் நாடிவரும் ஆறுகளுக்குரிய எல்லா இலக்கணமும் இவற்றுக்கு உண்டு. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவற்றின் கீழ்ப்பகுதியில் மீன் கிடையாது. நத்தையும் அட்டையும் கூனியும்கூடக் கிடையா.

காரணம் ஊரறிந்தது. மலைமுழுதும் ஈயச் சுரங்கங்கள். அவற்றின் கழிவு ஆற்றில் விழுந்தது, ஆறு செத்தது. ஆனால் கழிவில் உள்ள எது கொல்கிறது, எப்படிக் கொல்கிறது, சுரங்கம் மூடிய பிறகும் ஏன் கொல்கிறது என்ற கேள்விகளுக்கு விடை தெரிய 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கன உலோகங்கள் நன்னீர் உயிர்களை என்ன செய்கின்றன என்பது பற்றிய அறிவியலின் தொடக்கப் பக்கங்களில் சில இந்த இரு ஆறுகளின் கரையில் எழுதப்பட்டவை.

சொல் ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தமிழ் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. இங்கே பேசப்படும் ஈயம் அதுவல்ல. கறுத்துக் கனத்த காரீயம். கூரைத் தகடு, குழாய், துப்பாக்கிக் குண்டு, வண்ணப்பூச்சு எனப் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பா பயன்படுத்திய உலோகம் அது. அதன் கனிமம் கலீனா: ஈயமும் கந்தகமும் சேர்ந்து, கனசதுரமாக உடையும், வெள்ளிபோல் மின்னும் கல். இந்த ஆறுகள் ஓடும் கார்டிகன்ஷயரின் கலீனாவில் உண்மையிலேயே வெள்ளியும் கலந்திருந்தது. இந்த மலைகளைத் தேடி முதலாளிகள் வந்ததற்கு அந்த வெள்ளியே முதற்காரணம்.

அகழ்வின் வரலாறு மிகப் பழையது. இஸ்ட்வித் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் உள்ள கோபா குன்றில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே, வெண்கலக் காலத்தில், செம்புக் கனிமம் தோண்டியிருக்கிறார்கள். கல் சுத்தியல்களும் மான்கொம்புக் கருவிகளும் அங்கே கிடைத்தன. மரத்தைக் குடைந்து செய்த நீர்த்தூம்பு ஒன்றும் கிடைத்தது. குழிக்குள் தேங்கும் நீரை வெளியேற்ற அன்றே வழி செய்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. சுரங்கம் இருக்கும் இடத்தில் நீரும் இருக்கும். அந்த நீர் எங்கே போகிறது என்பதே இந்த வரலாறு முழுவதையும் இணைக்கும் கேள்வி.

17ஆம் நூற்றாண்டில் தொழில் பெரிதானது. 1617இல் ஹியூ மிடில்டன் இங்குள்ள சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்தார். லண்டன் நகருக்குக் குடிநீர் கொண்டுவர ‘புதிய ஆறு’ என்ற கால்வாயை 1613இல் வெட்டி முடித்தவர் அவரே. அவருக்குப் பின் வந்த தாமஸ் புஷெல் வெள்ளியை அங்கேயே நாணயமாக்க அனுமதி பெற்று, 1637இல் அபெரிஸ்ட்வித் கோட்டைக்குள் நாணயச் சாலை தொடங்கினார். அவர் செய்த இன்னொரு வேலைதான் ஆறுகளை நீண்ட காலம் பாதித்தது. மேலிருந்து கிணறுபோல் இறங்கிய சுரங்கங்களில் நீர் நிறைந்து வேலை நின்றபோது, மலையின் அடிவாரத்திலிருந்து கிடையாகக் குடைந்து, சுரங்கத்தின் அடியைத் தொட்டு, நீர் தானே வடியும்படி செய்யும் முறையை அவர் பெரிய அளவில் கையாண்டார். இந்த வடிகால் சுரங்கங்கள் அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் மலையெங்கும் பெருகின. பம்பை நிறுத்தினால் நீர் நின்றுவிடும். வடிகால் சுரங்கத்தை நிறுத்த முடியாது. தோண்டியவர்கள் போன பின்னும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

18ஆம் நூற்றாண்டில் எஸ்கெர் மூயின் சுரங்கத்தை நடத்திய லூயிஸ் மோரிஸ் வேல்ஸ் மொழிப் புலவராகவும் நில அளவையாளராகவும் பெயர்பெற்றவர். 1830களில் ஜான் டெய்லர் குடும்பத்தினர் வந்து கொகினன், ஃப்ரோங்கோக், கும் இஸ்ட்வித் முதலிய சுரங்கங்களை நவீன முறையில் நடத்தத் தொடங்கினார்கள். தொழில் உச்சத்துக்குப் போனது அதன்பிறகுதான். ஆறுகள் சீரழிந்ததும் அப்போதுதான்.

சுரங்கத்துக்குள் நடக்கும் வேலையைவிட வெளியே நடக்கும் வேலைதான் ஆற்றுக்குக் கேடு. பாறையோடு வெளிவரும் கனிமத்தில் ஈயம் சிறுபங்கு. அதைப் பிரிக்கக் கல்லை உடைக்க வேண்டும். முதலில் சுத்தியலால் உடைத்தார்கள். பின்னர் நீர்ச்சக்கரம் சுழற்றும் உருளைகளுக்கு இடையே நொறுக்கினார்கள். நொறுங்கியதை நீரில் குலுக்கிச் சலித்தால் கனத்த ஈயக் கனிமம் அடியில் தங்கும். லேசான கல் மேலே வரும். அரிசி களையும்போது கல் அடியில் தங்கும் அதே விதிதான். எஞ்சிய மாவுபோன்ற சேற்றை வட்டக் குழிகளில் சுழலவிட்டு, அதிலிருந்தும் ஈயம் எடுப்பார்கள். இத்தனைக்கும் நீர் வேண்டும். மலையின் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்த நீர் சாம்பல் நிறத்தில், பிடிபடாத நுண்துகளோடு, மீண்டும் ஆற்றுக்கே போனது.

இன்னொன்றும் நடந்தது, பின்னால் வந்த சேதத்தில் பெரும்பங்கு அதனால் வந்தது. இம்மலைக் கனிமத்தில் ஈயத்தோடு துத்தநாகமும் கலந்திருந்தது. துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த அந்தப் பழுப்புக் கல்லுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சந்தையில் பெரிய விலை இல்லை. எனவே அதைக் கழிவென்று ஒதுக்கி மலையோரத்தில் கொட்டினார்கள். விலை ஏறிய பிறகு பழைய குவியல்களைக் கிளறி மீண்டும் பிரித்தார்கள். ஃப்ரோங்கோக் சுரங்கத்தை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாங்கிய பெல்ஜிய நிறுவனம் மின்சாரத்தால் இயங்கும் ஆலையை அமைத்தது; இத்தாலியிலிருந்து தொழிலாளர்களை அழைத்து வந்தது. அப்படியும் ஏராளமான துத்தநாகம் குவியல்களிலேயே தங்கிவிட்டது. தாத்தா காலத்தில் வேண்டாமென்று எறிந்த கல், பேரன் காலத்து ஆற்றை நஞ்சாக்கியது.

கேடு ஆற்றோடு நிற்கவில்லை. வெள்ளம் வரும்போது நுண்துகள் கரைதாண்டி மேய்ச்சல் நிலத்தில் படிந்தது. அங்கே மேய்ந்த குதிரைகளும் மாடுகளும் நோயுற்றன. மண்ணைக் கிளறிப் பொறுக்கும் கோழிகளும் வாத்துகளும் செத்தன. ஆறுகளின் மாசு பற்றி விசாரிக்க 1868இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம் 1874இல் வெளியிட்ட ஐந்தாம் அறிக்கை முழுவதும் சுரங்கத் தொழிலையும் உலோகத் தொழிலையும் பற்றியது. அதையொட்டி 1876இல் ஆறுகள் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் நடைமுறையில் இயன்ற சிறந்த வழியைக் கையாண்டதாகச் சுரங்க உரிமையாளர் காட்டினால் அவர்மேல் குற்றமில்லை என்ற விலக்கும் அதே சட்டத்தில் இருந்தது. தொழிலின் பக்கம் சாய்ந்து எழுதப்பட்ட சட்டம் அது. ஆறுகளுக்கு அதனால் கிடைத்த பலன் மிகக் குறைவு.

சட்டம் செய்யாததைச் சந்தை செய்தது. 1870களின் இறுதியிலிருந்து ஸ்பெயின், அமெரிக்கா, பிறகு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் மலிவான ஈயம் வந்து குவிந்தது. கார்டிகன்ஷயர் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. முதல் உலகப்போர் காலத்தில் சில மீண்டும் உயிர்பெற்றன. 1920களின் தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாமே நின்றுபோயின. சுரங்கம் நின்றால் ஆறு பிழைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அந்த வேளையில்தான் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியின் விலங்கியல் துறையிலிருந்து கேத்லீன் கார்பென்டர் என்ற பெண் வலையும் புட்டியுமாக ஆற்றில் இறங்கினார். 1891இல் லிங்கன்ஷயரின் கெயின்ஸ்பரோவில் பிறந்தவர். குடும்பப் பெயர் ஸிம்மர்மான். ‘தச்சர்’ என்று பொருள்படும் ஜெர்மன் பெயர். 1914இல் போர் தொடங்கியபோது அதையே ஆங்கிலத்துக்கு மாற்றிக் கார்பென்டர் ஆனார். அபெரிஸ்ட்வித்திலேயே படித்தவர். 1919 முதல் ரைடால், இஸ்ட்வித் முதலான ஆறுகளிலும், அவற்றில் சேரும் ஓடைகளிலும் கல்லைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வோர் இடத்திலும் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பட்டியலிட்டார். மாசுபட்ட பகுதியைப் பக்கத்துச் சுத்தமான ஓடையோடு ஒப்பிட்டார். ஒரு மனிதர் தனியாகச் செய்யக்கூடிய எளிய வேலைதான். அதைப் பொறுமையாக, ஆண்டுக்கணக்கில் யாரும் அதற்கு முன் இங்கே செய்திருக்கவில்லை.

ரைடாலின் கீழ்ப்பகுதியில் 1919–21இல் அவர் கண்டது 14 விலங்கினங்கள் மட்டுமே. ஏறக்குறைய எல்லாம் பூச்சிகளின் இளம்பருவங்கள். மீன் இல்லை, நத்தை இல்லை, தட்டைப்புழு இல்லை, கூனிபோல் வளைந்திருக்கும் காமரஸ் இல்லை. செடிகொடிகளும் அப்படியே: சாதாரணப் பச்சைப் பாசி இல்லாமல், லெமானியா போன்ற சிலவகைச் சிவப்புப் பாசிகளே கல்லில் ஒட்டியிருந்தன. சுரங்கம் நின்றபின் 1922–23இல் எண்ணிக்கை 29 ஆனது. அதே துறையின் பேராசிரியர் லாரியும் மாணவர் எரிக்சன் ஜோன்ஸும் 1931–32இல் அதே ஆற்றைப் பார்த்தபோது 103 இனங்கள் இருந்தன. திரும்பி வந்த வரிசையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பூச்சிகள், பிறகு தட்டைப்புழுக்கள் முதலியவை, கடைசியில் நத்தையும் மீனும்.

இந்த வரிசைக்குக் காரணம் இரண்டு. பூச்சியின் இளம்பருவத்துக்குக் கெட்டியான மேலோடு உண்டு. உலோகம் எளிதில் ஊடுருவாது. தோலுரிக்கும்போது அதில் சேர்ந்த உலோகத்தில் ஒரு பகுதியும் கழிந்துவிடும். நத்தைக்கும் புழுவுக்கும் அந்தக் காப்பு இல்லை. ஈரமான மெல்லுடலோடு நீரில் கிடப்பவை அவை. இரண்டாவது காரணம் இறக்கை. பக்கத்துச் சுத்தமான ஓடையில் வளர்ந்த மேஃப்ளை பறந்து வந்து ரைடாலில் முட்டையிட முடியும். நத்தை ஊர்ந்துதான் வர வேண்டும். மேல்நீரில் நத்தை இருந்தால்தான் கீழே அடித்துவரப்படவும் முடியும். ஆற்றில் எந்த உயிர் இல்லை என்பதைக் கொண்டே அந்த ஆறு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லலாம் என்ற முறை இந்தக் கணக்கிலிருந்து வலுப்பெற்றது. இன்று உலகெங்கும் ஆற்று நீரின் தரத்தை அதில் வாழும் சிற்றுயிர்களைக் கொண்டு அளவிடும்போது இந்தத் தர்க்கமே அடிப்படை.

எது கொல்கிறது என்ற கேள்விக்கு அதுவரை சொல்லப்பட்ட விடை, கல்தூசி. நுண்துகள் மீனின் செவுளை அடைத்துவிடுகிறது, படுகையை மூடிவிடுகிறது என்றார்கள். அப்படியானால் குட்டை கட்டித் தூசியைப் படியவைத்தால் போதும். நீர் தெளிந்தால் ஆறு பிழைக்கும். கார்பென்டர் இதை ஏற்கவில்லை. தெளிந்த நீரிலும் மீன் சாகிறது என்று காட்டினார். கழிவுக் குவியலில் கிடக்கும் கலீனா காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து மெல்லச் சிதைகிறது. ஈயம் கரையக்கூடிய உப்பாகிறது. வறண்ட நாட்களில் அது குவியலிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு பெருமழை. சேர்ந்தது அத்தனையும் கரைந்து ஒரே நாளில் ஆற்றில் இறங்கும். சுரங்கம் மூடினாலும் மழை நிற்காது. 1924 முதல் 1926 வரை அவர் வெளியிட்ட மூன்று ஆய்வுக் கட்டுரைகளின் சாரம் இது. கைவிடப்பட்ட சுரங்கமும் மாசுபடுத்தும் தொழிற்சாலைதான் என்பதை அவர் நிறுவினார்.

எப்படிக் கொல்கிறது என்பதற்கு விடை தேடிச் சோதனைச் சாலையில் மின்னோ, ஸ்டிக்கில்பேக், டிரவுட் மீன்களை ஈய உப்புக் கரைசலில் விட்டுப் பார்த்தார். மீனின் உடலையும் செவுளையும் எப்போதும் ஒரு வழவழப்பு மூடியிருக்கும். கரைந்த ஈயம் அந்த வழவழப்போடு வினைபுரிந்து, பால் திரிவதுபோல் அதைத் திரியச் செய்தது. செவுளின் மெல்லிய இதழ்கள்மேல் வெண்மையான படலம் படர்ந்தது. நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் மீனுக்கு மூச்சு முட்டியது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, பிறகு செத்தது. நேரத்தோடு சுத்த நீருக்கு மாற்றப்பட்ட மீனின் படலம் உரிந்துபோய் அது பிழைத்தது. நஞ்சு உள்ளே சென்று கொல்வதைவிட, வெளியிலிருந்தே மூச்சை அடைத்துக் கொல்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1927இல் இது வெளியானது. அடுத்த ஆண்டு அவர் எழுதிய ‘உள்நாட்டு நீர்களில் உயிர்வாழ்க்கை’ என்ற பொருள்படும் நூல், நன்னீர்ச் சூழலியலுக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் பாடநூல் என்று கருதப்படுகிறது. பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் பணியாற்றினார், 1970இல் இறந்தார். அவருடைய பெயர் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டிருந்தது. அண்மைக் காலத்தில்தான் வேல்ஸ் அறிவியலாளர்கள் அதை மீட்டெடுத்தார்கள்.

வேலையைத் தொடர்ந்தவர் எரிக்சன் ஜோன்ஸ். ரைடால் தேறிவந்தபோது இஸ்ட்வித் தேறவில்லை என்பது அவரைக் கவர்ந்தது. மேற்பகுதிச் சுரங்கங்கள் நின்று நெடுங்காலமாகியும் அந்த ஆற்றில் மீன் இல்லை. நீரை ஆராய்ந்தால் ஈயம் மிகக் குறைவு. கொல்வது துத்தநாகம். லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அளவில் அது கரைந்திருந்தது. துத்தநாக உப்புகளோடு ஒப்பிட்டால் ஈய உப்புகள் எளிதில் கரைவதில்லை. மண்ணோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். துத்தநாகம் நன்றாகக் கரைந்து நீரோடு வரும். வேண்டாமென்று எறிந்த அந்தப் பழுப்புக் கல் தன் கணக்கைத் தீர்க்கத் தொடங்கியிருந்தது.

1940இல் ஜோன்ஸ் வெளியிட்ட இஸ்ட்வித் ஆய்வில் இன்னொரு வியப்பும் இருந்தது. ஆறு வெறிச்சோடி இருக்கவில்லை. ஸ்டோன்ஃப்ளை, மேஃப்ளை வகைகளின் இளம்பருவங்கள் கல்லடியில் தாராளமாக இருந்தன. சாக்கடைக் கழிவு கலந்த ஆற்றில் முதலில் சாகும் பூச்சிகள் இவை. ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலும் தாங்காதவை. இங்கே துத்தநாக நீரில் அவை வாழ்ந்தன. சாக்கடையில் கொழுக்கும் அட்டைகளும் நத்தைகளும் இங்கே இல்லை. மாசு என்று ஒரே சொல்லால் குறித்தாலும், ஒவ்வொரு மாசும் வேறு உயிரை விலக்குகிறது. ஓர் ஆற்றில் ஸ்டோன்ஃப்ளை இருக்கிறது என்பதற்காக அது நல்ல ஆறு என்று முடிவுகட்ட முடியாது என்று இஸ்ட்வித் கற்றுத்தந்தது.

ஸ்டிக்கில்பேக் என்ற விரல்நீள மீனைக்கொண்டு ஜோன்ஸ் உலோகங்களை அளந்தும் பார்த்தார். மென்னீரில் அந்த மீன் தாங்கும் எல்லை ஈயத்துக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம், துத்தநாகத்துக்கு 0.3, செம்புக்கு அவற்றைவிடப் பன்மடங்கு குறைவு. சமையலறையில் ஆபத்தில்லாத செம்பு, மீனுக்கு மூன்றிலும் கொடியது. அதே கரைசலில் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்தால் ஈயத்தின், துத்தநாகத்தின் கடுமை பெருமளவு குறைவதையும் 1938இல் அவர் காட்டினார். கார்டிகன்ஷயர் மலைகள் களிமண்பாறைகளால் ஆனவை, சுண்ணாம்புக்கல் இல்லை, ஆற்று நீர் மிக மென்மையானது. அதே அளவு துத்தநாகம் சுண்ணாம்புப் பகுதியின் கடின நீரில் விழுந்திருந்தால் சேதம் இவ்வளவு இருந்திருக்காது. இந்த ஆறுகளின் துரதிர்ஷ்டத்தில் பாறைக்கும் பங்கு உண்டு. நீரின் கடினத்தன்மையைப் பொறுத்து உலோகங்களுக்கு வெவ்வேறு வரம்பு வகுக்கும் இன்றைய வழக்கத்தின் வேர் இத்தகைய சோதனைகளில் இருக்கிறது.

மூச்சடைப்பு விளக்கம் பொய்யாகவில்லை; ஆனால் அது கடுமையான அளவுகளுக்கே பொருந்தும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. குறைந்த அளவில் உலோகம் வேறு வழியில் தாக்குகிறது. நன்னீர் மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட மிக அதிகம். ஆகவே உப்பு கசிந்துகொண்டே இருக்கும். செவுள் அதை நீரிலிருந்து ஓயாமல் மீட்டெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கால்சியம் நுழைய உள்ள வாயில்களில் துத்தநாகம், காட்மியம், ஈயம் மூன்றும் புகுந்து அடைத்துக்கொள்கின்றன. செம்பு சோடியத்தின் வழியை மறிக்கிறது. மீன் மூச்சுத் திணறாமலே, உப்பிழந்து சாகிறது. நீரில் கால்சியம் மிகுதியாக இருந்தால் வாயிலுக்கான போட்டியில் அது வெல்லும். ஜோன்ஸ் கண்ட சுண்ணாம்பின் காப்புக்குப் பொருள் இப்படி விளங்கியது.

சாகாத மீனுக்கும் நலமில்லை. நெடுநாள் ஈய நீரில் வளரும் டிரவுட் மீனின் வால் கறுக்கும், முதுகெலும்பு வளையும், இரத்தச் சிவப்புப் பொருளை ஆக்கும் நொதி முடங்கும். செம்பு மிகக் குறைந்த அளவிலேயே சால்மன் இன மீன்களின் மோப்ப உணர்வைக் கெடுக்கிறது. சால்மன் தான் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்புவது மணத்தைக் கொண்டு. எதிரி நெருங்குவதை அறிவதும் மணத்தைக் கொண்டு. மோப்பமிழந்த மீன் பார்வைக்கு நலமாகவே நீந்தும். வழிதவறும் அல்லது இரையாகும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுப் பருவமே எல்லாவற்றிலும் நொய்மையானது. வளர்ந்த மீன் தாங்கும் நீரில் குஞ்சு தங்காது. இப்படிச் சந்ததி இல்லாமலே ஓர் ஆற்றின் மீன் தீர்ந்துபோகலாம். செத்து மிதக்கும் மீனை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

சிற்றுயிர்களின் கதையும் விரிந்தது. குளத்து நத்தையின் குஞ்சுகள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் ஈயத்திலேயே வளர்ச்சி நின்றுபோகின்றன. ஓடு கட்ட ஓயாமல் கால்சியம் உறிஞ்ச வேண்டிய உயிர் அது. அந்த அவசரமே அதற்கு வினையாகிறது. சேற்றில் வாழும் கைரோனமிட் கொசுவினத்தின் புழுக்களில் வாயுறுப்பின் பற்கள் கோணலாக வளர்வதுண்டு. நீரோட்டத்தில் நுண்ணிய வலை பின்னி இரைபிடிக்கும் ஹைட்ரோசைக்கி என்ற கேடிஸ் புழு, உலோக நீரில் ஒழுங்கற்ற வலை பின்னுகிறது. அதன் செவுள்கள் கறுத்துச் சிதைகின்றன. நீரில் உலோகம் குறைவாக இருந்தாலும் படுகைச் சேற்றிலும் கல்மேல் படரும் பாசிப் படலத்திலும் அது சேர்ந்திருக்கும். அந்தப் பாசியைச் சுரண்டித் தின்னும் பூச்சிக்குள் போகும்; பூச்சியைத் தின்னும் மீனுக்குள்ளும் போகும். பாதரசம் மீதைல் சேர்மமாகி உணவுச் சங்கிலியில் படிக்குப் படி பெருகுவதுபோல் ஈயமும் துத்தநாகமும் பொதுவாகப் பெருகுவதில்லை. ஆனாலும் உணவுவழி வரும் பங்கு சிறியதல்ல.

உயிர்கள் வெறுமனே பலியாவதுமில்லை. உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் மெட்டலோதயோனின் என்ற புரதம் 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டறியப்பட்டது. மீன், நத்தை, புழு எனப் பலவற்றிலும் அதுவும் அதையொத்தவையும் பின்னர் தெரியவந்தன. இங்கிலாந்தின் கார்ன்வாலில் செம்புச் சுரங்கக் கழிவு பெறும் ஹெய்ல் ஆற்றில் வாழும் அசெல்லஸ் என்ற சிறு நீருயிர், சுத்த ஆற்றில் வாழும் தன் இனத்தைவிடச் செம்பை அதிகம் தாங்குவது 1970களில் தெரிந்தது. தலைமுறைகள் செல்லச் செல்லத் தாங்காதவை கழிந்து, தாங்குபவை எஞ்சின. இது ஆறு தேறியதற்கு அடையாளம் என்று சிலர் கொள்வது தவறு. எஞ்சியவை சில, தொலைந்தவை பல.

பின்னர் ரைடாலுக்கு டிரவுட்டும், கடலிலிருந்து சால்மனும் திரும்பின. இஸ்ட்வித் மெதுவாகவே தேறியது. ஆனால் இரு பள்ளத்தாக்குகளிலும் வடிகால் சுரங்கங்கள் ஓயவில்லை. கும் ரைடாலில் பழைய சுரங்க வாயிலிலிருந்து அமிலமும் இரும்புத் துருவும் துத்தநாகமும் கலந்த செம்மஞ்சள் நீர் வழிகிறது. 2002இல் வேல்ஸ் அரசுத் துறைகள் உலோகச் சுரங்கங்களுக்கென ஒரு திட்டம் வகுத்தன. நாட்டில் கைவிடப்பட்ட உலோகச் சுரங்கங்கள் ஏறத்தாழ 1300. அவற்றில் மிக மோசமான 50ஐ வரிசைப்படுத்தினார்கள். ஃப்ரோங்கோக் அவற்றில் ஒன்று. 2011இல் அங்கே ஓர் ஓடையைச் சுரங்கத்துக்குள் புகாதபடி திருப்பினார்கள். பிறகு கழிவுக் குவியல்களைச் சீர்செய்தார்கள். செலவு பிடிக்கும் வேலை. ஈயத்தால் லாபம் பார்த்த நிறுவனங்கள் மறைந்து ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டதால், சுமை முழுதும் மக்கள் வரிப்பணத்தின் மேல் விழுகிறது.

2012 ஜூன் மாதம் இப்பகுதியில் பெருவெள்ளம் வந்தது. வயல்களில் படிந்த சேற்றில் பழைய ஈயம் இருந்தது. அந்த வயல் புல்லை அறுத்துப் பதப்படுத்திய தீவனத்தைத் தின்ற மாடுகள் ஈய நஞ்சுக்கு ஆளாயின. 19ஆம் நூற்றாண்டு உழவர்கள் முறையிட்ட அதே நோய், சுரங்கமே இல்லாத காலத்தில்.

குவியல்களை முழுதும் அகற்றிவிடுவதும் எளிதன்று. கும் இஸ்ட்வித் பள்ளத்தாக்கு இன்று பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம். வெண்கலக் காலக் குழிகள் முதல் 20ஆம் நூற்றாண்டு ஆலை வரை எல்லாத் தடங்களும் அங்கே அடுக்கடுக்காக உள்ளன. பெரும்பாலான செடிகள் வளராத அந்த ஈயமண்ணில், உலோகத்தைத் தாங்கப் பழகிய அரிய கற்பாசிகள் வளர்கின்றன. அவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆற்றைக் காக்க வேண்டுவோரும் குவியலைக் காக்க வேண்டுவோரும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்தக் குவியலை மூடுவது, எதைத் தொடாமல் விடுவது என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. அது முடியும்வரை, பெருமழை பெய்யும் ஒவ்வொரு முறையும் குவியலில் ஊறிய நீர் சரிவில் இறங்கி இஸ்ட்வித்தில் கலக்கிறது.